வாசகர் கேள்வி: நெல் விலைத் தளமும் பதுக்கு நினைவகமும்

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்களுக்காக நெல் விலையை வகைவாரியாகக் காட்டும் இணையத்தளம் ஒன்றை ஒரேயொரு சேர்வரில் நடத்துகிறேன். காலபோக அறுவடை தொடங்கியதும் காலையில் எல்லோரும் ஒரேயடியாகத் திறப்பதால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் திணறுகிறது. விடைகளைப் பதுக்கு நினைவகத்தில் (கேஷ்) வைத்து உடனே தரும் மெம்கேஷ்ட் மென்பொருளைப் போட்டால் சரிவருமா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: சரிவரும், ஆனால் முதலில் மெதுவான வினவல்களின் (தரவுத்தளத்திடம் தளம் கேட்கும் கேள்விகளின்) பதிவை எடுத்துப் பாருங்கள். இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) இல்லாத அட்டவணையால் வரும் சுணக்கத்தைப் பதுக்கு நினைவகத்தால் மறைப்பது, ஒழுகும் கூரையின் கீழே சட்டி வைப்பதற்குச் சமம்.

அந்தக் குறை இல்லையென்றால் உங்கள் தளத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். சம்பாவின் விலை நாளில் சில தடவைதான் மாறும், பார்ப்பவர்களோ பலர். ஒரு பக்கத்துக்கு 8 வினவல்கள், நிமிடத்துக்கு 300 பேர் என்று வைத்துக்கொண்டால், தரவுத்தளம் அதே விடைகளை 2,400 தடவை தேடுகிறது. அவற்றை 60 செக்கன் நினைவகத்தில் வைத்திருந்தால் 8 தடவை போதும். லைவ்ஜேர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்கு வந்த இத்தகைய தலையிடிக்காகத்தான் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் மெம்கேஷ்டை எழுதினார்.

சிக்கல் விலை மாறும் வேளையில்தான் வரும். புதிய விலையைத் தரவுத்தளத்தில் எழுதி முடித்த கையோடு நினைவகத்திலுள்ள பிரதியை அழித்துவிடுங்கள். ஒழுங்கை மாற்றி முதலில் அழித்தால், இடையில் வந்த ஒருவரின் வினவல் பழைய விலையையே மீண்டும் ஏற்றிவிடக்கூடும். அதை நம்பி ஒருவர் உழவு இயந்திரத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டும் விடுவார். சரியான ஒழுங்கிலும் அரிதாக இப்படி நேரும் என்பதால் மேலே சொன்ன 60 செக்கன் போன்ற காலாவதி நேரம் கட்டாயம் வேண்டும்.

அந்த நேரம் முடிகிற கணத்தில் எல்லோரும் ஒன்றாகத் தரவுத்தளத்துக்குப் பாய்வதும் உண்டு. மெம்கேஷ்டின் 'அட்' கட்டளை, நாம் கொடுக்கும் பெயரில் ஏற்கனவே எதுவும் இல்லாதபோது மட்டுமே சேர்க்கும் என்பதால், அதையே பூட்டாக வைத்து ஒருவரை மட்டும் உள்ளே விடலாம்.

மின் போய்ச் சேர்வர் நின்றால் மெம்கேஷ்டில் இருந்த அனைத்தும் போய்விடும் என்பதால், கமக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பணக் கணக்கை அதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். விலைப்பட்டியலுக்கு, அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் 64 மெகாபைட் தாராளம். 11211 என்ற அதன் இணைப்புத் துறையை (போர்ட்) மாத்திரம் வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2018 பெப்ரவரியில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை செக்கனுக்கு 1.35 டெராபிட் வேகத்தில் தாக்கியவர்கள், அப்படித் திறந்து கிடந்த மெம்கேஷ்ட் சேர்வர்களைத்தான் பயன்படுத்தினார்கள். உங்களுக்கு, அதே சேர்வருக்குள் மட்டும் எட்டக்கூடிய 127.0.0.1 என்ற உள்முகவரி ஒன்றே போதும்.