கேட்டது, சொன்னது: வாடகையை ஏற்றும் மென்பொருள்

கேள்வி: நாலு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி வாடகையை ஏற்றினால் தப்பு. அதையே கம்ப்யூட்டர் செய்தால்? அமெரிக்காவில் ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மீது வழக்கு போட்டார்களாமே? (வாசகி, மதுரை)

பதில்: வழக்கே அந்தக் கேள்விதான். அடுக்குமாடி வீட்டுக்கு என்ன வாடகை கேட்கலாம் என்று சொல்லும் மென்பொருளை விற்கும் டெக்சாஸ் நிறுவனம் ரியல்பேஜ். அந்த வகை மென்பொருளில் சுமார் 80 சதவீதச் சந்தை அதன் கையில் என்று சொல்லி, 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வழக்குத் தொடுத்தது.

விளம்பரத்தில் போடும் வாடகை ஊருக்கே தெரியும். அதைப் பார்த்து விலை வைப்பது வியாபாரம். பேரம் பேசி எவ்வளவுக்குக் கையெழுத்தானது, எத்தனை வீடு காலி, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் உள்வீட்டு ரகசியம். போட்டியாளர்கள் எல்லோரும் அந்த ரகசியத்தை ஒரே இடத்தில் கொட்ட, மென்பொருள் அதை வைத்து அவர்களுக்கே விலை சொல்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 வீடு, வாடகை 2,000 டாலர், 97 நிரம்பியிருக்கிறது: வரவு 1,94,000. நீங்கள் மட்டும் 2,100 ஆக்கினால் ஆட்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போவார்கள். 85தான் மிஞ்சும்: 1,78,500. பக்கத்துக்காரரும் அதே மென்பொருள் சொல்லி ஏற்றிவிட்டால் போக்கிடம் இல்லை. 94 வீடு நிற்கும்: 1,97,400. கூடுதலாக மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, வரவோ ஏறிவிட்டது! புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் வந்த காசு. வீட்டுக்காரர்கள் சேரச் சேர மென்பொருளின் கணிப்பும் கூர்மையாகும். புதுப் போட்டியாளருக்கு அந்தத் தரவு கிடைக்காது.

2025 நவம்பரில் சமரசத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன்படி, வெளியே தெரியாத தரவை வைத்து மென்பொருளைப் பழக்கினால் அது குறைந்தது 12 மாதம் பழையதாக இருக்க வேண்டும். சரியான இடத்தில் போட்ட கத்தி என்பேன். ஆறிய தரவை வைத்து இன்றைய விலையைக் கூடிப் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: லாட்ஜ் வைத்திருக்கிறேன். அறை வாடகையை ஏஐ தீர்மானிக்கும் என்று ஒரு மென்பொருளை விற்க வருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வாங்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. முதலில், உங்கள் புக்கிங் விவரம் ஊரில் வேறு லாட்ஜுக்குச் சொல்லும் விலையில் கலக்குமா? கலக்காது என்று எழுத்தில் வாங்குங்கள். நம் நாட்டில் 2023இல் திருத்திய போட்டிச் சட்டப்படி, அதே தொழிலில் இல்லாதவரும் விலைக் கூட்டுக்குத் துணைபோனால் கூட்டாளியாகவே கருதப்படுவார். மாட்டினால் மென்பொருள்காரர் மட்டும் மாட்ட மாட்டார்.

மென்பொருள் சொல்லும் விலையை உங்களைக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் ‘ஆட்டோ அக்செப்ட்’ வசதியை அணைத்து வையுங்கள். உச்சவரம்பை நீங்களே போடுங்கள். முகூர்த்த நாளில் அது 900 ரூபாய் அறைக்கு 4,000 போட்டுவிட்டால், வருடா வருடம் வரும் கல்யாண பார்ட்டி அடுத்த தடவை வராது.

ஒப்பந்தம் முடிந்தால் பழைய புக்கிங் பதிவு முழுவதும் எக்செல் கோப்பாகக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காதென்றால், மூன்றாம் வருடம் சந்தாவை இரண்டு மடங்காக்கினாலும் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.