மாமாவுக்கு லைசென்ஸ் வேண்டும்

கேள்வி: மொன்றியலில் வளர்ந்தேன். சிறுவயதில் ஒவ்வொரு ஜனவரியும் அப்பா எங்களை கியூபெக்கின் செயின்ட் ஆன் டி லா பெராடு ஊருக்குக் கூட்டிப்போவார். உறைந்த ஆற்றின் மேல் மரக்குடில், விறகடுப்பு, பன்றி ஈரல் இரை, வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள். இப்போது ஒட்டாவாவில் இருக்கிறேன். எட்டு வயது மகனையும், யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம் வந்த 68 வயது மாமாவையும் உறைந்த ஒட்டாவா ஆற்றில் மீன்பிடிக்க அழைத்துப்போக ஆசை. “லைசென்ஸ், பனி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். லைசென்ஸ் அவரவர் பெயரில் இருக்க வேண்டும். இன்னொருவருடையதைக் காட்டிப் பிடிக்க முடியாது. ஒன்டாரியோ அரசின் இணையதளத்தில் நீங்களே வாங்கலாம். ஒரு நாள் லைசென்ஸுக்கு அவுட்டோர்ஸ் கார்டுகூட (மற்ற மீன்பிடி லைசென்ஸுகளுக்குத் தேவைப்படும் மாகாண அட்டை) தேவையில்லை. இதைச் சொன்னால் தரகருக்குப் பிழைப்பில்லை.

மகனுக்கு லைசென்ஸ் வேண்டாம், பிறந்த தேதி உள்ள அடையாளச் சான்று போதும். மாமா விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 65 தாண்டினால் இலவசம் என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். குடியுரிமை இல்லாதவர் கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். போன மாதம் வந்தவர் வெளிநாட்டவர். வயது 68 ஆனாலும் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். பிப்ரவரியில் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம் என்று விடும் வார இறுதியும் அவருக்குப் பொருந்தாது. பேரனின் தூண்டிலைச் சற்று நேரம் வாங்கிப் பிடித்தாலும் மீன்பிடித்ததாகவே கணக்கு. இந்த ஒரு வரியைத் தமிழில் அச்சிட்டு விமான நிலையத்தில் வைக்க எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

இனி பனி, அதாவது ஆறு உறைந்த பனிக்கட்டி. உங்கள் சிறுவயது ஆற்றில் 1938 முதல் மீன்பிடிப்பு நடக்கிறது. குடில் நடத்துபவர்கள் பனியைக் கவனித்துக்கொள்வார்கள். இங்கே அந்தப் பொறுப்பு உங்களுடையது. கண்ணாடி போன்ற தெளிந்த பனி பத்து சென்டிமீட்டர் இருந்தால் ஏரியில் நடக்கலாம். வெள்ளைப் பனிக்கு அதில் பாதி வலுதான், ஆகவே இருபது வேண்டும். ஆற்றில் அதற்கும் மேல். நீரோட்டம் அடியிலிருந்து அரிப்பதால், இங்கே முப்பது, பத்தடி தள்ளி ஐந்து என்றிருக்கும். ஒருவர் நேற்று அளந்த கணக்கு இன்று உங்களுக்கு உதவாது. அலவாங்கு போன்ற இரும்புக் கம்பியால் முன்னால் குத்திக்கொண்டே நடங்கள். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

துளையிட்டதும் குனிந்து பாருங்கள். தண்ணீர் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நின்றால் பனி மிதக்கிறது. மேலே ஏறாமல் ஆழத்திலேயே கிடந்தால், ஆற்றின் மட்டம் இறங்கி, பனி அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அணைகள் உள்ள ஆற்றில் இது நடக்கும். எத்தனை சென்டிமீட்டர் இருந்தாலும் பிள்ளையை உடனே கரைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

முதல் தடவைக்கு, பலர் வழக்கமாகப் பிடிக்கும் பெட்ரி தீவுப் பக்கம் போங்கள். அங்கேயும் நீங்களே அளந்த பிறகுதான் மகன் பனியில் கால் வைக்க வேண்டும்.