டயலில் இருக்கும் மற்றத் தையல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): பல ஆண்டுகள் கால் மெஷினில் தைத்துவந்த நான், சென்ற தீபாவளிக்கு மோட்டார் வைத்த ஜிக்ஜாக் மெஷின் வாங்கினேன். டயலில் இருபதுக்கும் மேற்பட்ட தையல்கள் உள்ளன. நேர்த்தையலையும் ஜிக்ஜாக்கையும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மற்றவை எல்லாம் அலங்காரத்திற்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. பூ வேலை போலத் தோன்றும் பல தையல்கள், துணி கிழியாமலும் பிசிறு போகாமலும் காப்பதற்காக ஏற்பட்டவை. உங்கள் பழைய மெஷினில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போய்வந்தது. புதிய மெஷினில் ஊசி இடமும் வலமும் அசைகிறது. சில தையல்களில், அடியில் உள்ள பல் துணியை முன்னே தள்ளுவதோடு பின்னுக்கும் இழுக்கிறது. இந்த அசைவுகளின் சேர்க்கையே டயலில் உள்ள அத்தனை உருவங்களும். ஜிக்ஜாக் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண்மணி அதற்கான மெஷினுக்கு 1873இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஒரு தையலில் ஊசி எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டால், அதை எங்கே போடலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் பழக வேண்டியது, டயலில் மூன்று கோடுகள் சேர்ந்தாற்போல் காணப்படும் டிரிபிள் ஸ்டிச். ஊசி ஓரடி முன்னே, ஓரடி பின்னே, மறுபடி முன்னே என்று சென்று, ஒவ்வோர் இடத்தையும் மூன்று முறை தைப்பதால் இழுவை தாங்கும். சுடிதார் பேன்ட்டின் கவட்டுப் பகுதி, துணிப்பையின் கைப்பிடி, பிளவுஸில் கை இணையும் அக்குள் வளைவு ஆகியவற்றில் இதைப் போட்டால், அந்த இடம் பிரிந்து வருவது அரிது. ஆனால் பிளவுஸின் பக்கத் தையலில் இதைப் போடாதீர்கள். உடம்பு சற்றுப் பெருத்தால் பிரித்துவிடலாம் என்றுதானே அங்கே இரண்டு மூன்று வரிசை நேர்த்தையல் போட்டு வைக்கிறோம்? டிரிபிள் ஸ்டிச்சைப் பிரிக்க உட்கார்ந்தால், நூல் வருவதற்கு முன் துணி கிழிந்துவிடும். நான் ஒருமுறை பட்டுப் பிளவுஸ் ஒன்றில் அப்படிச் செய்துவிட்டு, பக்கவாட்டில் ஓர் அங்குலத் துணியை இழந்திருக்கிறேன்.

அடுத்தது, ஒவ்வொரு சாய்வையும் மூன்று சிறு தையல்களாகப் போடும் மூன்றடி ஜிக்ஜாக். சாதாரண ஜிக்ஜாக்கை அகலமாக வைத்து மெல்லிய துணியின் ஓரத்தில் அடித்தால், நூல் இரு பக்கமும் இழுத்து, ஓரம் குழாய் போல் சுருண்டுவிடும். மூன்றடி ஜிக்ஜாக்கில் நடுவிலும் ஊசி இறங்குவதால் துணி தட்டையாகக் கிடக்கும். பாவாடைக்கு எலாஸ்டிக்கை இழுத்து வைத்துத் தைப்பதற்கும் இதுவே சரி. படுக்கை விரிப்பு கிழிந்திருந்தால், அடியில் ஒரு துண்டுத் துணி வைத்து, கிழிசலின் மேல் இதை வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி அடியுங்கள். பல சலவைகளைத் தாங்கும்.

டீ ஷர்ட், லெக்கிங்ஸ் போன்ற பின்னல் துணிகளில் தையல் விட்டுவிட்டு விழுந்தால், மெஷினைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். அத்துணிகளுக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். பெரும்பாலும் 11ஆம் எண் போதும்.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதைப் பிளைண்ட் ஹெம் தையலால் மெஷினிலேயே முடிக்க முடியுமா? வெளிப்பக்கம் தையல் தெரியுமா?

பதில்: பருத்தி, சின்தெடிக் புடவைகளுக்கு முடியும். பட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டில் மெஷின் ஊசி இறங்கிய துளை, தையலைப் பிரித்த பின்பும் தடமாக நிற்கும். ஃபால்ஸ் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் வரும்போது அந்தத் தடம் வருத்தும்.

ஓரத்தை வெளியே தெரியாமல் பிடிக்கும் பிளைண்ட் ஹெம்மில் ஊசி சில தையல்களை வலப்பக்கம் போட்டுக்கொண்டே போய், ஒருமுறை மட்டும் இடப்பக்கம் தாவித் திரும்பும். அந்தத் தாவல் மட்டும் புடவையைத் தொட வேண்டும். மற்றவை ஃபால்ஸின் மேலேயே விழ வேண்டும். முதலில் ஃபால்ஸை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கிப் புடவையையும் இழுத்துக்கொள்ளும். கீழ் ஓரத்தை நேர்த்தையலால் பொருத்திய பின், புடவையின் உட்புறம் மேலே இருக்குமாறு ஃபால்ஸைப் பரப்பி, அதன் மேல் ஓரத்தைக் குண்டூசியால் பொருத்துங்கள். பிறகு புடவையை அடிப்பக்கமாக மடித்து, ஃபால்ஸின் ஓரம் மட்டும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நீட்டிய ஓரத்தில் தைத்துச் செல்லும் ஊசி, தாவும்போது மடிப்பின் ஓரிரு இழைகளை மட்டும் கவ்வ வேண்டும். அதிகமாகக் கவ்வினால் வெளிப்பக்கம் சிறு கோடுகளாகத் தெரியும்; கவ்வாவிட்டால் ஃபால்ஸ் தொங்கும். தையல் அகலத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, பழைய புடவையில் ஒரு முழம் தைத்துப் பார்த்த பின்பே நல்ல புடவையில் கை வையுங்கள்.

இதே தையலை அலங்காரத்திற்கும் பயன்படுத்தலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வாயில் (voile) என்னும் மெல்லிய துணியை மடித்து, ஊசி எந்தப் பக்கம் தாவுகிறதோ அந்தப் பக்கம் மடிப்பின் விளிம்பு இருக்குமாறு வைத்து, தாவல் விளிம்பைத் தாண்டி வெளியே விழும்படி தையுங்கள். மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, சற்றுக் கூட்டினால், ஒவ்வொரு தாவலிலும் விளிம்பு உள்ளே இழுபட்டுச் சிப்பி சிப்பியாக நிற்கும். குழந்தைகளின் கவுன் மார்பில் இரண்டு மூன்று வரிசை போட்டால், வேறு லேஸ் எதுவும் தேவைப்படாது.

கேள்வி (வாசகி, யாழ்ப்பாணம்): மகளின் பருத்திச் சட்டையின் கழுத்துப்பட்டியில், வளைவு வளைவாக வரும் ஸ்காலப் தையல் போட்டேன். துணி முழுவதும் சுருங்கிவிட்டது. மெஷினில் கோளாறா?

பதில்: கோளாறு மெஷினில் இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்காலப் போன்ற நெருக்கமான சாட்டின் தையலில், நூல் பக்கவாட்டில் துணியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்கத் துணிக்கு வலு வேண்டும். பட்டிக்குள் கேன்வாஸ் ஒட்டியிருந்தாலும், அடியில் ஒரு மெல்லிய தாளை வைத்துத் தையுங்கள். முடிந்ததும் தாளைத் தையலின் இரு பக்கமும் மெதுவாகக் கிழித்தெடுங்கள். டென்ஷன் டயல் 4இல் இருந்தால் 3க்கோ 2க்கோ இறக்குங்கள். சாட்டின் தையலுக்கென உள்ள ஃபுட்டையும் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) மாட்டுங்கள். அதன் அடியில் உள்ள பள்ளம் வழியாகத்தான் தடித்த தையல் தடையின்றி நகரும்.

ஓரத்திலேயே தைக்காமல், ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்து, பின்பு சிறு கத்தரிக்கோலால் வளைவை ஒட்டி வெட்டுங்கள். பட்டியின் முனையில் பாதி வளைவு வந்து நிற்பதைத் தவிர்க்க, துண்டுத் துணியில் பத்து வளைவுகள் தைத்து அளந்து, பட்டியின் நீளத்தில் முழு வளைவுகள் அடங்கும்படி தையல் நீளத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, அரியலூர்): என்னிடம் நேர்த்தையல் கால் மெஷின் மட்டுமே உள்ளது. புதிது வாங்க இயலாது. அலங்காரத் தையலுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. எம்பிராய்டரி நூலை, அடி நூல் சுற்றும் பாபினில் கையால் சுற்றுங்கள். பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் சிறு திருகைத் தளர்த்தி, தடித்த நூல் தாராளமாக வெளிவரும்படி செய்துகொள்ளுங்கள். துணியின் உட்புறத்தில் கோலத்தை வரைந்து, அந்தப் பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, சற்று நீளத் தையலாகத் தையுங்கள். நல்ல பக்கத்தில் கைவேலை போல் தடித்த கோடு விழும். தாவணி ஓரத்திற்கும் தலையணை உறைக்கும் இது மிகவும் பொருந்தும். இதற்கெனத் தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கி, நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து அடையாளப்படுத்திக்கொண்டால், அன்றாடத் தையலுக்கான திருகை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிராது.