அருங்காட்சியகம் எல்லோருக்கும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் அருங்காட்சியகத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒருநாள் விழிப்புணர்வு வகுப்பு நடத்தினோம். பணியாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள், சிலர் அழுதேவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது, நடைமுறையில் ஒன்றுமே மாறவில்லை. எங்கே தவறினோம்?

ப: கண்ணைக் கட்டியதில்தான். திடீரென்று கண் மறைக்கப்பட்டவருக்குத் தெரிவது தடுமாற்றமும் பயமும் மட்டுமே. பல ஆண்டுகளாகக் கோலோடு நடமாடுகிறவரின் திறமை அதில் துளியும் தெரியாது. வகுப்பு முடிந்து மனதில் தங்குவது ‘ஐயோ பாவம்’ என்ற எண்ணம். அந்த எண்ணத்தோடு நிற்கும் பணியாளர் வந்தவரின் கையைப் பிடித்து இழுப்பார். அவரிடம் கேட்க வேண்டியதை உடன் வந்தவரிடம் கேட்பார்.

பயிற்சி தருபவர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும், மற்ற பயிற்சியாளர்களுக்குத் தருகிற அதே ஊதியத்தில். ஒருவர் மட்டும் போதாது, ஏனென்றால் தேவைகள் ஒன்றோடொன்று மோதும். நடைபாதையின் விளிம்பைத் தரையோடு சமமாக்கினால் சக்கர நாற்காலி தடையின்றி உருளும். ஆனால் பாதை எங்கே முடிகிறது என்று கோலால் தட்டி அறிபவருக்கு அந்த விளிம்புதான் அடையாளம். அங்கே குமிழ் பதித்த தரை தேவை. இப்படிப்பட்ட முடிவுகளை இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடுக்க முடியும்.

வகுப்பறையில் ஒரு மணி நேரம் போதும். மீதி நேரம் கட்டடத்துக்குள் நடக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரிந்து, அளவுநாடாவோடு வெளிவாயிலில் தொடங்குங்கள்; நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடம், காட்சிக்கூடம், கழிவறை, அவசர வழி என்று வருகையாளர் போகும் வரிசையிலேயே போங்கள். பார்க்கும் ஒவ்வொரு தடையையும் மூன்றில் ஒரு பத்தியில் எழுதுங்கள்: இன்றே நீக்கலாம், பணம் வேண்டும், தொல்லியல் அனுமதி வேண்டும். பெரும்பாலும் முதல் பத்திதான் நீளும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில் அடுக்கிவைத்த வாளியும் துடைப்பமும், நடைவழியில் பூந்தொட்டி, ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று மேலே சுருட்டிக் கட்டிய அவசர இழுகயிறு. அந்தக் கயிறு தரைக்குச் சுமார் 10 செ.மீ. மேலே வரை தொங்க வேண்டும். தரையில் விழுந்து கிடப்பவர் எட்டிப் பிடிப்பதற்காகவே அது இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பொறுப்பாளர் பெயரும் தேதியும் இல்லாமல் அன்றைய பயிற்சியை முடிக்காதீர்கள்.

இன்னொன்று. இந்த வகுப்புகளுக்கு அதிகாரிகள் வருவார்கள்; ஒப்பந்தத்தில் இருக்கும் காவலரும் சீட்டுக் கொடுப்பவரும் துப்புரவுப் பணியாளரும் வரமாட்டார்கள். வருகையாளர் முதலில் சந்திப்பது இவர்களைத்தான். இவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். இவர்கள் அடிக்கடி மாறுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் நடத்துங்கள்.

கே: நான் காட்சிக்கூடக் காவலர். பார்வையற்ற ஒருவர் தனியாக வந்தால் எப்படி அழைத்துப் போவது?

ப: பெயரையும் வேலையையும் சொல்லி, ‘உதவி வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை எட்டு முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு ஏறி இறங்குவதை வைத்தே வழியை அவர் முன்கூட்டி அறிந்துகொள்வார். பின்னாலிருந்து தள்ளினால் படியை முதலில் சந்திப்பது அவர் கால்தான்.

படி வந்தால் நின்று, ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். குறுகிய வாயிலில் உங்கள் கையை முதுகுப்புறம் கொண்டுபோனால் அவர் உங்கள் பின்னால் வந்துவிடுவார். ‘இதோ’, ‘அங்கே’ என்பவை உதவாது. ‘உங்களுக்கு வலப்பக்கம் நான்கடி தள்ளி’ என்பது உதவும். ஒரு சிலையைச் சொல்லும்போது முதலில் உயரம், எந்தக் கல், நிற்கிறதா அமர்ந்திருக்கிறதா. பிறகு கைகள், முகம், அணிகள். நகையிலிருந்து ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் முழு உருவம் உருவாகவே செய்யாது. விடைபெறும்போது சொல்லிவிட்டுப் போங்கள். கூடத்தின் நடுவில் விட்டுவிடாமல் சுவரையோ கைப்பிடியையோ தொடும்படி நிறுத்திவிட்டுப் போங்கள்.

கே: எங்கள் பழைய கட்டட வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள். கல்லில் துளை போடக் கூடாது. கையால் தூக்கி வைக்கும் 1.8 மீட்டர் அலுமினியச் சாய்தளம் வாங்கினோம். அதில் யாராலும் ஏற முடியவில்லை.

ப: முடியாது, ஆபத்தும் கூட. 1.8 மீட்டர் சாய்தளம் ஒரே ஒரு படிக்குத்தான் ஆகும். 12-க்கு 1 என்ற சரிவில் (12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. ஏற்றம்) 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் 8.4 மீட்டர். கையால் சக்கரத்தை உருட்டி வருபவருக்கு 20-க்கு 1 சரிவு இன்னும் நல்லது, அதற்கு 9 மீட்டர் ஓடும். உங்களிடம் இருப்பது 4-க்கு 1. அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும்.

துளையில்லாமல் வைக்க வழி இருக்கிறது. தன் எடையிலேயே நிற்கும் சட்டகத்தைச் செய்து, கல்லோடு தொடும் இடங்களில் மட்டும் ரப்பர் அட்டை வையுங்கள். சாதாரண இரும்பு வேண்டாம். துரு மழையோடு இறங்கிக் கல்லில் கறையாகப் பதியும். துருப்பிடிக்காத எஃகோ அலுமினியமோ போதும். சிமென்டுச் சாய்தளம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்: சிமென்டின் உப்பு கல்லுக்குள் ஊறும், பின்னால் எடுக்கும்போது கல்லின் மேல்தோலும் சேர்ந்து பெயர்ந்து வரும். அடியில் தண்ணீர் ஓடவும் சருகைக் கூட்டி எடுக்கவும் இடைவெளி விடுங்கள். அகலம் 1.2 மீட்டர், ஓரத்தில் 10 செ.மீ. தடுப்பு, இரு பக்கமும் 85 முதல் 95 செ.மீ. உயரத்தில் கைப்பிடி.

இடமே இல்லை என்றால் பக்கவாட்டு வாசலைத் திறக்கலாம். முன்வாசலில் நின்று படிக்கும்படி அறிவிப்பு இருக்க வேண்டும். அழைப்பு மணி அடித்தால் யாராவது வரவும் வேண்டும். ஆளோடு நாற்காலியைத் தூக்குவதைப் பயிற்சியிலேயே தடைசெய்யுங்கள். மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலி ஆளில்லாமலே 100 கிலோவைத் தாண்டலாம்.

கே: புராதனச் சின்னங்களுக்கு இந்தக் கடமை உண்டா? எங்கள் மேலாளர் விலக்கு இருப்பதாகச் சொல்கிறார்.

ப: மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு 2008 மே 3 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 30-ஆவது பிரிவு அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தேசியப் பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள சின்னங்களுக்கும் இடங்களுக்கும் மட்டும் ‘இயன்றவரை’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறது. உங்கள் மேலாளர் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சொல்லைத்தான். என்னென்ன முயன்றோம், எது ஏன் முடியவில்லை, அதற்கு ஈடாக என்ன செய்தோம் என்று எழுதி வைத்திருப்பவர்தான் ‘இயன்றவரை’ என்று சொல்லலாம்.

கே: விளக்கப் பலகைகளுக்குத் தமிழ் பிரெய்ல் சேர்த்தோம். படித்துப் பார்த்தவர் ‘ஒன்றும் புரியவில்லை’ என்கிறார்.

ப: மூலக் கோப்பு பழைய எழுத்துருவில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். அந்த எழுத்துருக்களில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு முதலிலும் ககரம் பிறகுமாகச் சேமிக்கப்படும். பிரெய்லில் ஒலிக்கும் வரிசைதான்: ககரம், பிறகு எகரம். மாற்றும் மென்பொருள் பழைய கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் வருவது குப்பை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே பிரெய்லாக்குங்கள். அச்சுக்குப் போகும் முன் பிரெய்ல் படிப்பவர் ஒருவர் விரலால் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணாடிக்குள் வைத்த பிரெய்ல், கண் மட்டத்தில் செங்குத்துச் சுவரில் ஒட்டிய பிரெய்ல் இரண்டும் அடிக்கடி காணும் தவறு. செங்குத்துப் பலகையில் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து இரண்டு வரியிலேயே வலிக்கும். இடுப்பு உயரத்தில் சற்றே சாய்ந்த பலகைதான் சரி. பார்வைக்குறைவு உள்ள பலருக்குப் பிரெய்ல் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1 மீட்டர் தொலைவில் நின்று படிக்க எழுத்தின் உடல் சுமார் 9 மி.மீ. உயரம் இருக்கட்டும், 2 மீட்டருக்கு 19 மி.மீ. தமிழில் புள்ளியும் சுழியும் அடைந்துவிடும் தடித்த அலங்கார எழுத்தைத் தவிருங்கள்.

கே: காது கேட்கும் கருவிக்கான தூண்டல் வளையம் பொருத்தினோம். யாருக்கும் கேட்கவில்லை.

ப: பெரும்பாலும் அணைத்தே இருக்கும், அல்லது பேசுபவர் ஒலிவாங்கியில் பேசமாட்டார். ஒலிவாங்கியில் விழும் குரலை மட்டும்தான் வளையம் காந்தப்புலமாகக் காதுக் கருவிக்குக் கடத்தும். கேட்பவரும் தன் கருவியை அந்தப் புலத்தை வாங்கும் ‘டி’ நிலைக்கு மாற்ற வேண்டும். அதற்கு வளையத்தின் குறியீடு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தரையில் உள்ள இரும்புக் கம்பிகளும் காந்தப்புலத்தைக் குறைக்கும். வளையத்தைச் சோதிக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, காலையில் கூடத்தைத் திறப்பவரே காதில் வைத்து நான்கு மூலையிலும் நின்று கேட்டுப் பார்க்கட்டும்.

சைகை மொழியில் பேசுபவருக்கு வளையத்தால் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிக் காட்டுவதென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்துங்கள். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். மன்னர் பெயர்களும் கலைச்சொற்களும் முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர்களை நிறுத்தாதீர்கள், கையும் முகமும் நிழலாகிவிடும்.

கே: நான் பொருள் பாதுகாப்பாளர். தொட்டுப் பார்க்க அனுமதிக்கச் சொல்கிறார்கள். எதைத் தரலாம்?

ப: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் ‘எதையும் தொடாதே’ என்று மொத்தமாக மறுக்காமல், பொருள் பொருளாகப் பிரித்துப் பாருங்கள். வழவழப்பாக்கிய கருங்கல், எண்ணிக்கையில் நிறைய உள்ள பானை ஓட்டுச் சில்லுகள் கழுவி உலர்த்திய கையைத் தாங்கும். வண்ணம் பூசியவை, துணி, ஓலை, உதிரும் மணற்கல் தாங்காது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். உலோகப் பொருளுக்கு மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. துணிக் கையுறையில் விரலுக்கு ஒன்றுமே தெரியாது.

மூலத்தைத் தர முடியாதபோது நகல். இத்தாலியின் அங்கோனா நகரில் 1993-இல் தொடங்கிய ஒமேரோ தொடு அருங்காட்சியகம் பெரும்பாலும் நகல்களைக் கொண்டே சிற்பக்கலை வரலாற்றைக் கைக்கு எட்ட வைக்கிறது. நுண்துளை உள்ள கல்லில் சிலிக்கோன் வார்ப்பு எடுக்காதீர்கள், எண்ணெய் இறங்கிக் கறை நிற்கும். புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுத்து அச்சிடலாம். அச்சின் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தொடுபவர் அதைச் சிற்பியின் உளிக்கோடு என்று நினைத்துக்கொள்வார். நகலில் கல்லின் குளிர்ச்சியும் கனமும் இருக்காது. அதே வகைக் கல்லில் கைக்கு அடங்கும் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், ஒரு கையில் நகலும் மறுகையில் கல்லுமாகப் பார்க்கட்டும்.