பேச்சில்லாத பிள்ளையின் வலி

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய், குணமாகாது என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. ராத்திரியில் முனகி அழுகிறாள். வலிக்கு மார்ஃபின் எழுதித் தந்திருக்கிறார்கள். "அது போதை மருந்து, பிள்ளைக்கு வேண்டாம்" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: கொடுக்கலாம் தங்கச்சி. இந்த மலையில் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்த நர்ஸ் நான். பிள்ளைகளின் கடும் வலிக்கு உலக சுகாதார நிறுவனமே மார்ஃபினைத்தான் சொல்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் பிள்ளை அதற்கு அடிமையாக மாட்டாள். அழட்டும், அப்புறம் கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாகிறது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மலச்சிக்கல் வரும். அதனால் மலமிளக்கி சிரப்பையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். குன்னூர் பக்கம் ஒரு பையன் ராத்திரியெல்லாம் அழுதான். ஐந்து நாளாக அவன் வெளிக்குப் போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

வலிக்கிறதா என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் உடம்பு சொல்லும். முகம் சுளிப்பது, காலை உதைப்பது, உடம்பை வில்லாக வளைப்பது, அழுகை, மடியில் போட்டுத் தட்டியும் அடங்காதது. இந்த ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுங்கள், மொத்தம் 10. மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை நோட்டில் எழுதுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த நோட்டு உதவும்.

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு உயிருக்கே ஆபத்து. வெந்நீர்ப் பையையும் அவள் தோலில் நேராகப் படும்படி வைக்க வேண்டாம், சுட்டாலும் அவளால் சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோவைக்குப் போக முடியாது. மருந்து தீரும்வரை இருக்காமல் இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி, பூட்டி வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சைக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் பயப்படுகிறார். இரண்டு ராத்திரி அந்த நோட்டில் அவரையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.