பத்ரிநாத் ஜம்பு வேற, நம்மூர் காட்டு வெங்காயம் வேற

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 61 வயசு. எட்டு மாசம் முன்னாடி இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாங்க, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுறார். நாத்தனார் பத்ரிநாத் போயிட்டு மானா கிராமத்துலேர்ந்து ஜம்புன்னு காஞ்ச இலை வாங்கிட்டு வந்தாங்க, மலையில வளர்ற காட்டு வெங்காயமாம், அடைப்பு கரையுமாம். இது தீந்துட்டா நாட்டு மருந்து கடையில காட்டு வெங்காயம்னு கேட்டு வாங்கி கஷாயம் வச்சு குடுக்கலாமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: கஷாயம் மட்டும் வேண்டாம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.

நம்ம பக்கம் காட்டு வெங்காயம்னு கேட்டா எடுத்து குடுக்கறது பெரும்பாலும் நரி வெங்காயம். மணல்பாங்கான இடத்துல தானா முளைக்கும், பாக்க அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனா வெங்காய குடும்பமே இல்ல, அதுல இருக்கறது டிஜாக்சின் மாத்திரை மாதிரி நேரா இதயத்துல வேலை செய்யுற சத்து, அளவு கொஞ்சம் தப்பினாலும் வாந்தி, தலைசுத்தல், நாடி குறைஞ்சு துடிப்பே தாறுமாறா போயிடும். இதோட சொந்தக்கார செடி ஒண்ணத்தான் வெளிநாட்டுல எலி மருந்தா வச்சிருந்தாங்க, பாத்துக்கோங்க. சித்த மருத்துவத்துல இதோட நச்ச எடுத்து சுத்தம் பண்ணி அளவு பாத்து குடுப்பாங்க, அது படிச்சவங்க வேலை, நம்ம அடுப்படி வேலை இல்ல. ஏற்கனவே குடுத்திருந்தா மிச்ச கிழங்கையும் கையில எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க, ஈசிஜியும் பொட்டாசியமும் பாக்கணும்.

ஜம்பு கதை வேற. அது நிஜமாவே வெங்காய ஜாதி, இமயமலையில உசரமான இடங்கள்ல வளருது, உத்தராகண்டுல ஃபரண்னும் சொல்வாங்க, நேபாளத்துல முஸ்தாங் பக்கமும் உண்டு. அங்க யாரும் அத மருந்து மாதிரி கரண்டி கரண்டியா குடிக்கறதில்ல, சூடான நெய்யில ஒரு சிட்டிகை போட்டு பருப்புல கொட்டுவாங்க, நம்ம தஞ்சாவூர் பக்கம் தாளிப்பு வடகம் போடறோமே அதே மாதிரிதான். அந்த அளவுக்கு உங்க வீட்டுக்காரர் தாராளமா சாப்பிடலாம்.

அடைப்பு கரையும்ங்கறது மட்டும் சும்மா. வெங்காயம் பூண்டு வகையறாவுக்கு ரத்தம் உறையறத லேசா குறைக்கற குணம் உண்டு, அதனாலதான் இந்த பேச்சே கிளம்புது, ஆனா அவர் ஏற்கனவே அதே வேலைய செய்யுற ரெண்டு மாத்திரை சாப்பிடுறார். அதுக்கு மேல பூண்டு கேப்சூல், வெறும் வயித்துல பச்சை பூண்டுன்னு அள்ளி போட்டா ஈறுல ரத்தம், மலம் கருப்பா போறதுன்னு ஆரம்பிக்கலாம். அதவிட மோசம், ஜம்பு இருக்கேன்னு மாத்திரைய நிறுத்தறது. எட்டு மாசம்தான் ஆகுதுன்னா கார்டியாலஜிஸ்ட் சொல்லாம ஒரு நாள் கூட விடாதீங்க, ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கலாம்.

கடைசியா ஒண்ணு, அந்த காஞ்ச ஜம்பு இலைய கசக்கி மோந்து பாருங்க, வெங்காயம் பூண்டு வாசம் வரணும், வரலன்னா தூக்கி போட்டுடுங்க. வாசம் வந்தா ஈரம் படாம இறுக்கி மூடி வைங்க, ஐப்பசி மழையில நம்மூர்ல அப்பளமே பூத்து போயிடுது.