எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இனிப்பு ஆசையும் எடையும் திரும்பி வந்தால் எப்படி மீள்வது?

"என் மனவுறுதி போய்விட்டது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதே வார்த்தையை ஓராண்டு காலம் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

2019-இல் எனக்கு ஸ்லீவ் முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட்டு, மீதியை ஒரு குழாய் போலத் தைத்துவிடுவார்கள். அன்று என் எடை 112 கிலோ. பதினைந்தாம் மாதம் 74. நான்காம் ஆண்டில் 87. நகையை அடகு வைத்துச் செய்த சிகிச்சை அது. வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் மருத்துவர் முகத்தில் விழிக்கக் கூசி, ஆண்டுப் பரிசோதனைக்கு இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டேன். நான் செய்த பெரிய தவறு இதுதான். இனிப்பு சாப்பிட்டதுகூட இதற்கு அடுத்துத்தான்.

ஒருவழியாகப் போனபோது அங்கிருந்த உணவியல் நிபுணர் திட்டவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை டீ? எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்று மட்டும் கேட்டார். பள்ளியில் மூன்று, வீட்டில் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். வீட்டுக்குப் போய் அந்தப் பத்து ஸ்பூனையும் ஒரு டம்ளரில் அளந்து போட்டுப் பாருங்கள் என்றார். போட்டேன். ஏறக்குறைய 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! லட்டு, ஜிலேபியெல்லாம் விட்டுவிட்டேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

ஸ்லீவ் இரைப்பையின் இயல்பு அப்படி. ஒரு முட்டையும் கொஞ்சம் பொரியலும் சாப்பிட்டாலே நெஞ்சுவரை நிறைந்துவிடும். ஆனால் டீயில் நனைத்த பிஸ்கட் எட்டு இறங்கினாலும் ஒன்றும் தெரியாது. முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், ரோஸ்மில்க் எல்லாம் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களில் பலருக்கு இனிப்பு உள்ளே போனதும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வந்து எச்சரிக்கும். ஸ்லீவில் இரைப்பையின் கீழ்வாசல் அப்படியே இருப்பதால் அந்த எச்சரிக்கை நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுத்த பகுதியில்தான். முதல் ஆண்டு பசியே தெரியாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிறகு பசி மெல்லத் திரும்புகிறது. உங்கள் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து இதை நம்புங்கள்.

என் இனிப்பு வேட்கைக்கு ஒரு நேரம் இருந்தது: மாலை நான்கு மணி. காரணம் மதியச் சாப்பாட்டில் இருந்தது. நான்கு வாய் சாம்பார் சாதத்திலேயே வயிறு நிறைந்துவிடும், புரதத்துக்கு இடமே இருக்காது. இப்போது தட்டில் முதலில் முட்டை, மீன், பன்னீர் அல்லது சுண்டல், அடுத்துக் காய், இடமிருந்தால்தான் சோறு. எனக்குச் சொல்லப்பட்ட அளவு நாளுக்கு 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணி கழித்துத்தான். இப்படி மூன்று வாரம் சாப்பிட்டதும் நான்கு மணி வேட்கை பாதியாகத் தணிந்தது.

டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த முயன்று இரண்டு முறை தோற்றேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டீயிலும் அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் பால் டீ நாக்குக்குப் பழகிவிட்டது. நடுவில் நாட்டுச் சர்க்கரைக்கும் பனங்கற்கண்டுக்கும் மாறிப் பார்த்தேன். பயனில்லை. உடம்புக்கு நல்லது என்ற நினைப்பில் கை தாராளமாகப் போடுகிறது, கலோரியோ ஏறக்குறைய அதேதான்.

இப்போது 79 கிலோ. 74-க்கு வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு இல்லை. எடை அடிமட்டத்துக்குப் போய்ச் சில கிலோ திரும்புவது பலருக்கும் நடப்பதுதான் என்று மருத்துவரே சொன்னார்.

மறு அறுவை சிகிச்சை தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், தைராய்டு, வைட்டமின் பி12, இரும்புச் சத்துப் பரிசோதனைகளும் இருக்கும். எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன, அவற்றைப் பற்றியும் கேளுங்கள். எடை இன்னும் கொஞ்சம் குறைந்த பிறகு போகலாம் என்று நாளைத் தள்ளாதீர்கள். இந்த வாரமே போங்கள்.